எரியோட்டுப் போலீசும் மைதானத்துத் திருடர்களும்

எனக்குத் தெலுங்கு வந்தது முழுக்கப் படம் பார்த்துத்தான். எரியோட்டிலிருந்து திண்டுக்கல் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்த வருஷங்களில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அடிதடியும் காமெடியும் கலந்த தெலுங்குப் படங்களாகக் கைபேசியில் பார்த்துத் தள்ளினேன். இன்ஜினியரிங் எவ்வளவு ஏறியதோ தெரியாது, தெலுங்கு ஏறிவிட்டது. ஆனால் அது ஒரு தினுசான தெலுங்கு. சவால் விடத் தெரியும். சபதம் போடத் தெரியும். வில்லனின் வம்சத்தையே இழுத்து வைத்துப் பேசத் தெரியும். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்கத் தெரியாது. நான் பார்த்த படங்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்தத் தெலுங்கை வைத்துக்கொண்டுதான் கன்னிவாடிக்கு வேலை கேட்கப் போனேன். மலையடிவாரத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையைத் தெலுங்குப் படக்குழு ஒன்று வாடகைக்கு எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றிக்கொண்டிருப்பதாக வாட்ஸப்பில் ஒரு போட்டோ சுற்றியது. மறுநாள் காலையிலேயே போய் நின்றுவிட்டேன். படத்தின் இணை இயக்குநர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், தலையில் தொப்பி, கழுத்தில் விசில். அவரிடம் போய் எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பதைத் தெலுங்கில் சொன்னேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில் அது, "எனக்கு வேலை கொடுக்காமல் இந்த மண்ணைவிட்டு ஒருத்தரும் உயிரோடு போக முடியாது" என்கிற மாதிரி வெளியே வந்தது. அவர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அம்மாயி," என்றார். பெண்ணே என்று அர்த்தம். அன்றிலிருந்து அங்கே எனக்கு அதுதான் பெயர். "எனக்குத் தமிழ் தெரியும். சென்னையில நாலஞ்சு படம் செஞ்சிருக்கேன். நீ தமிழ்லயே பேசு, எங்க உயிருக்கு நல்லது."

உள்ளூர் ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் கேன் வரவழைப்பது, தோப்புக்காரரிடம் அனுமதி கேட்பது, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைக் கேமராவுக்கு வெளியே நிறுத்துவது, சேவலோ ஆடோ தேவைப்பட்டால் பிடித்துவருவது. நான் கேட்டிருந்த சினிமா இது இல்லைதான். ஆனால் கேமராவுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றதே இல்லை என்பதால் எல்லாவற்றுக்கும் ஓடினேன். கூப்பிடாததற்கும் ஓடினேன்.

படத்தின் கதை கேட்டவுடனே பிடித்துப்போனது. நகைக்கடையில் திருடிவிட்டு ஓடும் ஒருவன், துரத்துகிற போலீசுக்குத் தப்பிக்க ஒரு பஸ்ஸில் ஏறுகிறான். பக்கத்து சீட்டில் தூங்குகிறவரின் பையை மாற்றி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். பைக்குள் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கான ஆர்டரும் புது யூனிஃபார்மும் இருக்கின்றன. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நேராகப் போய் அந்த ஆர்டரில் இருந்த ஸ்டேஷனிலேயே பொறுப்பெடுத்துக்கொள்கிறான். அவனுக்கு வரும் முதல் கேஸ், அந்த நகைக்கடைத் திருடனைப் பிடிப்பது.

நான் சொல்லப்போகும் காட்சி அவனுடைய முதல் நாள் காலை. ஸ்டேஷன் வாசலில் போலீஸ்காரர்கள் அணிவகுத்து நிற்க, புது எஸ்.ஐ. வந்து பார்வையிட வேண்டும். எதிர்ப்பக்கம் முந்தின நாள் பிடித்துவந்த திருடர்கள் வரிசையாக நிற்க வேண்டும். இந்த இரண்டு வரிசைக்குமான துணை நடிகர்கள் சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடு. படப்பிடிப்புக்கு முந்தின நாள் மதியம் ஏஜெண்ட் போன் செய்து, வேறொரு பெரிய படத்துக்கு அவர்களை அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

இணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில எனக்கு இருபது போலீஸ், பத்து திருடன் வேணும். உன்னால முடியுமா?"

"முடியும் மேடம்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் மேடம்."

"ஐதராபாத் ஷெட்யூலுக்கு ஒரு அசிஸ்டெண்ட் இடம் காலியா இருக்கு. நாளைக்கு இந்த சீனை முடிச்சுட்டா டைரக்டர்கிட்ட உன்னைப் பத்திப் பேசறேன். முடிக்கலைன்னா பேச ஒண்ணும் இல்ல."

அந்த இடம் எனக்கு வேண்டும். வேண்டும் என்று சொன்னால் போதாது, அன்று மதியம் முழுக்க அதைத் தவிர வேறெதுவும் என் தலையில் இல்லை. வரும் திங்கட்கிழமை திண்டுக்கல்லில் வங்கித் தேர்வு வகுப்பு தொடங்குகிறது, அதில் என்னைச் சேர்ப்பதென்று அப்பா முடிவு செய்திருந்தார். "இதுதான் வேலைன்னு ஒருத்தரு வாய்விட்டுச் சொல்லட்டும், எந்த ஊருக்கானாலும் அனுப்புறேன். வேடிக்கை பாக்க அனுப்ப முடியாது." அப்பா கறாரான மனிதர் இல்லை. தக்காளி போடுகிற விவசாயி. சந்தை விலையை நம்பி நம்பியே, யாரோ சொல்லப்போகிற நல்ல சேதியை நம்பாமல் இருக்கப் பழகியவர்.

போலீசுக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். கான்ஸ்டபிள் வேலைக்குத் தயாராகிறவன். திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு மைதானத்தில் காலையிலும் சாயங்காலத்திலும் ஓடுகிறான். அவனோடு இன்னும் நிறையப் பேர் ஓடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள், நீளம் தாண்டுகிறார்கள். ஒட்ட வெட்டிய தலை, விரிந்த நெஞ்சு. அவர்களை வரிசையில் நிறுத்தினால் யூனிஃபார்ம் தானாகவே வந்து உடம்பில் ஏறிக்கொள்ளும் என்று தோன்றும்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். அண்ணன் ஓடிவந்து நின்றான். "என்ன பாப்பா, இங்கன வந்து நிக்கிற? வீட்டுல எதுவுமா?"

"வீட்டுல ஒண்ணுமில்லண்ணே. சினிமாவுல நடிக்கிறீங்களா, எல்லாரும்?"

கயிற்றின் உச்சியில் இருந்தவன்கூட சர்ரென்று இறங்கிவிட்டான். என்னைச் சுற்றி ஒரு வட்டம் கூடியது. சண்டை உண்டா, ஹீரோயின் வருமா, சோறு போடுவார்களா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசியாக, "காக்கி டிரெஸ் அவங்களே குடுத்துருவாங்க" என்றேன்.

வட்டம் ஓரடி பின்னால் போனது.

"காக்கியா?" என்றான் எல்லோரிலும் நெட்டையாக இருந்தவன். "அது மட்டும் ஏலாது தங்கச்சி."

"ஏன்?"

"வேலை வாங்காம காக்கியப் போட்டா, அப்பறம் அது வராது. இங்கன எல்லாருக்கும் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? போன வருசம் ஒருத்தன் கல்யாண வீட்டுல, போட்டோ எடுக்குறவுக கொண்டாந்த காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டு நின்னான். கயிறு ஏறுறதுல அவன அடிச்சுக்க ஆளில்ல. தேர்வு அன்னைக்குப் பாதிக் கயித்துல நின்னுட்டான்."

"அதுக்கு முந்தின நாளு என்னத்தச் சாப்பிட்டாரோ."

"பரோட்டாதான் சாப்பிட்டான். நாங்களும் அதேதான் சாப்பிட்டோம். நாங்க ஏறுனோம்ல?"

அப்போதுதான் தெரிந்துகொண்டேன், இது அந்த மைதானத்தின் சட்டம். காக்கி நிறத்தில் பேண்ட் எடுக்க மாட்டார்கள். ஒருவனுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கொடியில் காய்கிற அப்பாவின் காக்கிச் சட்டையை அவன் மடித்துக்கூட வைக்க மாட்டானாம், தங்கைதான் மடிக்க வேண்டும். எல்லோரும் டிகிரி முடித்தவர்கள். ஒருவன் இயற்பியல்.

"நீயுமாண்ணே?" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "நான் ரெண்டு தடவ விட்டவன் பாப்பா. ஒரு தடவ எழுத்துல, ஒரு தடவ ஓட்டத்துல. இந்தத் தடவ எழுத்தத் தாண்டிட்டேன். அடுத்த மாசம் ஓட்டம். இப்பப் போயி எதுக்கு?"

"படிச்சவங்கதானே நீங்கள்லாம்."

"படிச்சதுனாலதான் இம்புட்டுப் பயம். படிக்காம இருந்தா வேற வேலைக்குப் போயிருப்போம்ல."

எனக்குக் கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து நெட்டையானவன் கூப்பிட்டான். "தங்கச்சி, திருடனா வேணா வாரோம்."

"திருடனா நடிச்சா திருட்டு வந்துருமே, பரவாயில்லையா?"

"திருடனாகணும்னு இங்கன யாரு வெள்ளன எந்திரிச்சு ஓடுறா? அது வந்தா வருது, போனாப் போகுது."

கண்ணாடி போட்ட ஒருவனுக்கு அதிலும் சந்தேகம். "ஏலே, வெரிபிகேஷனுக்கு வார்றவக இந்தப் படத்தப் பாத்துட்டு, இவன் அன்னைக்கு விலங்கு மாட்டி நின்னவன்தானேன்னு கேட்டா?"

"முடிய முன்னால இழுத்து விட்டுக்க, மொகம் தெரியாது."

"எங்கிட்ட எங்கடா இருக்கு முடி?"

ஆக, பத்து திருடர்கள் கிடைத்தார்கள். ஒரு போலீஸ்கூட இல்லை.

எரியோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பற்றி ஒரே விஷயம் சொன்னால் போதும். சேவல் கட்டு. பொங்கல் வந்தால் ஏதாவது ஒரு கருவேலங்காட்டுக்குள் சேவல்களை மோதவிடுவார்கள். போலீஸ் வரும். பாதிப் பேர் ஓடுவார்கள், மீதிப் பேர் பிடிபட்டுச் சாயங்காலம்வரை ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அடுத்த வருஷம் பிடிபட்டவர்கள் ஓடுவார்கள், ஓடியவர்கள் பிடிபடுவார்கள். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"ஏன்த்தா மொகம் தொங்கிப்போச்சு?" என்றார் சித்தப்பா.

சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போலீஸ் வேசமா? நெசத் துணியா, இல்ல நாடகத் துணியா?"

"நெசத் துணி மாதிரிதான் இருக்கும் சித்தப்பா."

"தொப்பி?"

"தொப்பியும் உண்டு."

"லத்தி?"

"லத்தியும்."

திரும்பிக் கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "அம்புட்டுத்தானே? விடிஞ்சதும் வாரோம்."

"ஒங்களுக்கெல்லாம் வயசு கொஞ்சம் கூட சித்தப்பா. கான்ஸ்டபிள்னா..."

"ஏன், போலீஸ்காரருக்கு வயசாகாதா? போன பொங்கலுக்கு என்னையப் புடிச்ச ஏட்டய்யா என்னைய விட மூத்தவரு. அவரு ஓடுனத நீ பாக்கல."

வேறு வழியில்லை. சரி என்றேன்.

காலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வேனில் எரியோட்டுப் போலீஸ் வந்து இறங்கியது. திருடர்கள் பைக்கில் வந்தார்கள், எங்களுக்கு முன்பே, குளித்து முடித்து. உடைப் பொறுப்பாளர் காக்கிச் சட்டைகளைக் கொண்டுவந்து வைத்ததும் அண்ணனும் நண்பர்களும் நான்கடி தள்ளி நின்றுகொண்டார்கள். சித்தப்பாவின் ஆட்கள் பாய்ந்து எடுத்தார்கள். பாதிப் பேருக்கு பெல்ட் எட்டவில்லை. உடைப் பொறுப்பாளர் தெலுங்கில் முனகிக்கொண்டே ஆணியால் புது ஓட்டை போட்டார். சித்தப்பாவின் கால் எந்த பூட்ஸுக்குள்ளும் போகவில்லை, செருப்போடு நின்றார். ஒருவர் பேண்டை வேட்டி மாதிரி முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

இயக்குநர் அதிகம் பேசாதவர். குடைக்கு அடியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இரண்டு வரிசையையும் பார்த்தார். இணை இயக்குநர் விசில் ஊதினார். "லெஃப்ட் டர்ன்" என்றார். இருபது போலீசும் நான்கு திசைக்கும் திரும்பியது. இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சித்தப்பா லத்தியை ஊன்றி அதன்மேல் தாடையை வைத்து, ஆடு மேய்க்கிறவர் மாதிரி நின்றார்.

எதிர் வரிசையில் கிழிந்த சட்டையும் முகத்தில் கரியுமாகத் திருடர்கள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பார்வை நேராக. கை தையலோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் கூன் போடுங்க. தப்பு செஞ்சவங்க மாதிரி," என்றார் இணை இயக்குநர்.

பத்துப் பேரும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்குக் கூன் போட்டார்கள்.

அவர் என்னைத் தனியே அழைத்தார். "அம்மாயி, இங்க யாரு போலீஸ், யாரு திருடன்?"

நான் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"துணியை மாத்து. இவங்க அங்க, அவங்க இங்க. ஆள் போதலைன்னா போலீஸைப் பத்தாக் குறைச்சுக்கறேன்."

மைதானத்தின் சட்டத்தை அவரிடம் விளக்கினேன். அவர் கேலி செய்யவில்லை. "புரியுது. கேமராவுக்குப் பூசணிக்காய் சுத்தாம நாங்க முதல் ஷாட் எடுக்கறது இல்ல. ஆனா ஹீரோ கிளம்பிட்டார். அவர் வந்து இறங்கறப்ப எனக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கணும். போய்ப் பேசு."

ஒரு காக்கிச் சட்டையை என் கையில் கொடுத்தார். புதுத் துணி, கஞ்சி வாசனை. அண்ணனிடம் போனேன். கையிலிருந்த சட்டையைப் பார்த்துவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொல்லுது அந்தம்மா?"

"மாத்தணுமாம். இல்லைன்னா சீன் இல்ல."

"சீன் இல்லைன்னா ஒனக்கு ஐதராபாத் இல்ல."

"ஆமா."

அவன் மலையைப் பார்த்தான், நண்பர்களைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "நான் போட்டா அவனுகளும் போடுவானுக. குடு" என்றான்.

கையை நீட்டினான். நீட்டிய கையை உடனே இழுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினான், கோயிலில் திருநீறு வாங்கப் போகிறவன் மாதிரி.

அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குக் கொடுக்க வரவில்லை. அந்த நம்பிக்கையில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. எனக்கு அது வெறும் சட்டை. ஆனால் அடுத்த மாதம் ஓடப்போவது நான் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சட்டை அவன் நினைவுக்கு வரும். மூச்சு வாங்கும்போதெல்லாம் அதனால்தான் என்று நினைப்பான். அப்படி நினைத்தாலே போதும், ஓட்டம் விழுந்துவிடும்.

சட்டையை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். "மேடம், மாத்த முடியாது."

"அவங்க மாட்டேன்னாங்களா?"

"இல்ல. நான்தான் மாட்டேன்னேன்."

அவர் சட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சரி. வேன்காரரைக் கூப்பிடு. சென்னை ஆளுங்க நாளன்னைக்கு வரட்டும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வேன் டிரைவருக்குப் போன் அடித்துக்கொண்டே வாசல் கேட் பக்கம் நடந்தேன். திங்கட்கிழமை வகுப்பு, அந்தப் பெஞ்சு, கணக்குத் தாள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அப்போதுதான் ஒரு ஜீப் உள்ளே திரும்பியது. நிஜப் போலீஸ் ஜீப். சாலையோரம் படப்பிடிப்பு என்றால் கூட்டம் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அதற்காக வந்தது.

எரியோட்டுப் போலீஸ் அதைப் பார்த்தது. காலையிலிருந்து கேட்டும் கிடைக்காத ஒழுங்கு அப்போது கிடைத்தது. இருபது பேரும் ஒரே நொடியில், ஒரே திசையில், ஆலைக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்புக்குள் ஓடினார்கள். சித்தப்பா லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொட்டுநீர்க் குழாயைத் தாண்டிக் குதித்தார். வாசலில் தொப்பிகள் மட்டும் கிடந்தன.

எதிர் வரிசையில் திருடர்கள் யாரும் அசையவில்லை. கிழிந்த சட்டையோடு விறைத்து நின்று, பத்துப் பேரும் ஒரே குரலில், "வணக்கம் அய்யா" என்றார்கள். சல்யூட்டும் வைத்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்தபடி நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தது நான்தான். "ஏம்மா, ஓடுறது யாரு? நிக்கிறது யாரு?"

"ஓடுறது போலீஸ் சார். நிக்கிறது திருடங்க."

தோப்பை ஒரு முறை பார்த்தார். "ஓடுறவங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே," என்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். குடைக்கு அடியில் இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அவர் பல்லை நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தோன்றியது. டிரைவர் போனை எடுத்து "அலோ, அலோ" என்பது காதில் விழ, அப்படியே ஓடினேன். ஓடிய வேகத்தில் வாயில் வந்தது தெலுங்கு, என்னுடைய தெலுங்கு. இந்த ஆட்கள்மேல் எவனாவது கை வைத்தால் நடப்பதே வேறு என்று ஆரம்பித்துவிட்டேன். பிறகு மூச்சு வாங்கித் தமிழில் சொன்னேன், இணை இயக்குநர் மொழிபெயர்த்தார்.

"ஆள மாத்த வேணாம் சார், சீன மாத்துவோம். ஹீரோ திருடன். வாழ்க்கையில அணிவகுப்பே பாத்தது இல்ல. வெளிய வாரான். ஒரு வரிசை தொப்பையும் செருப்புமா சாஞ்சு நிக்குது. இன்னொரு வரிசை அழுக்குச் சட்டையோட, ஆனா வெறப்பா நிக்குது. அவன் நேரா திருடங்ககிட்டப் போயி சல்யூட் அடிக்கணும். ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்த போலீஸ்னு நெனச்சு அவங்களப் பாராட்டிப் பேசணும். இந்தப் பக்கம் போலீஸ் முழிக்கணும். அந்த நேரம் மேலதிகாரியோட ஜீப் வருது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜீப் வந்தா?" என்று அவரே தமிழில் கேட்டார்.

"முதல்ல ஓடுறது ஹீரோதான் சார். தோப்புக்குள்ள போனா, அவருக்கு முன்னாடியே அங்க போலீஸ் ஒளிஞ்சிருக்கணும்."

அவர் இணை இயக்குநரைப் பார்த்தார். இணை இயக்குநர் என்னைப் பார்த்தார். "ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம்," என்றார் இயக்குநர்.

போலீசைத் தோப்பிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் பாடாக இருந்தது. ஒவ்வொரு மரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஒரு தென்னைக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "போயிட்டாரா?"

"அவரு ஷூட்டிங் பாக்க வந்தவரு சித்தப்பா. ஒங்களப் புடிக்க வரல."

"இப்பிடித்தான் போன பொங்கலுக்கும் சொன்னாக."

"நீங்கதான் போலீஸ் டிரெஸ்ல இருக்கீங்களே, எதுக்கு ஓடுனீங்க?"

"சட்ட காக்கியா இருந்தா காலு கேக்குமா தாயி?"

ஹீரோ வந்தார். காட்சியைச் சொன்னதும் அவருக்கும் பிடித்தது. ஆனால் அவர் ஓடியது அழகாக இருந்தது. விளம்பரத்தில் ஓடுகிற மாதிரி. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பு, திரும்பிப் பாத்துட்டு ஓடுறீக. புடிக்க வாராகன்னு தெரிஞ்சா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்." நான் அதை மொழிபெயர்த்தேன். அடுத்த முறை ஹீரோ திரும்பிப் பார்க்காமல் ஓடி, குழாய் தடுக்கி விழுந்தார். இயக்குநர் அதைத்தான் வைத்துக்கொண்டார்.

அன்று எனக்கு வேலை பிடிபட்டது. நூறு கண்கள் ஒரு காட்சியைப் பார்த்தாலும், முந்தைய ஷாட்டில் மூன்றாவது போலீஸின் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். சித்தப்பா செருப்போடு நின்றது, ஒருவர் பேண்டை மடித்திருந்தது, கண்ணாடிக்காரத் திருடன் கண்ணாடியைக் கழற்றியிருந்தது எல்லாம் என் தலையில் தங்கியிருந்தன. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் ஓடிப்போய்ச் சரிசெய்தேன். இணை இயக்குநர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். விசிலை மட்டும் ஊதினார், நான் போய் நின்றேன்.

அண்ணனும் அவன் நண்பர்களும் கடைசிவரை காக்கியைத் தொடவில்லை. சித்தப்பாவின் லத்தி கீழே விழுந்தபோதுகூட, எடுத்துக் கொடுக்காமல் காலால் உருட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் அண்ணன் ஓட்டத்திலும் கயிற்றிலும் தேறினான். தொடாததால்தான் என்று அவன் சொல்கிறான். வருஷக்கணக்காக ஓடியதால் என்று நான் சொல்கிறேன். இறுதிப் பட்டியல் இன்னும் வரவில்லை, அதனால் இதைப் பற்றி நாங்கள் சத்தமாகச் சண்டை போடுவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு அப்பா பைக்கில் வந்து இறங்கினார். என்னைப் பார்க்க வரவில்லை. பறித்து வைத்த தக்காளி களத்தில் காய்ந்துகொண்டிருக்க, சந்தைக்குப் போக வேண்டிய வேனை யாரிடமும் சொல்லாமல் சித்தப்பா போலீஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். கேட்டுக்குள் நுழைந்த அப்பா, காக்கியில் நின்ற தம்பியைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார்.

"புடிச்சுப் புடிச்சு அலுத்துப்போயி, ஒன்னையவே சேத்துக்கிட்டாகளா?"

"சத்தம் போடாதண்ணே, டேக் போகுது," என்றார் சித்தப்பா.

டிரைவரிடம் வேன் சாவியை வாங்கிய பிறகும் அப்பா கிளம்பவில்லை. வெயிலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் அவர் பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை. விசில் கேட்டது, ஓடினேன். தொப்பியைத் திருப்பினேன், கரியைப் பூசினேன், வேடிக்கை பார்த்தவர்களைப் பின்னால் தள்ளினேன். ஒரு தடவை தள்ளிய கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். "நகருங்க, பிரேம்ல வாரீங்க" என்று சொன்ன பிறகுதான் யாரென்று கவனித்தேன். அவர் நகர்ந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் இணை இயக்குநர் தட்டோடு எங்களிடம் வந்தார். "நீங்க அம்மாயியோட அப்பாவா? டைரக்டர் சரின்னுட்டார். இவ ஐதராபாத் வரணும். அசிஸ்டெண்ட் வேலை. சம்பளம் கம்மி, திட்டு ஜாஸ்தி. ஆனா வேலை."

அப்பா எழுந்து நின்றார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் தமிழில்தான் பேசினார், எதிரில்தான் நின்றார். இருந்தாலும் அப்பா என் பக்கம் திரும்பி, "பொம்பளப் புள்ளைக அங்க எங்க தங்குறாக, சோத்துக்கு என்ன பண்ணுறாகன்னு கேளு பாப்பா" என்றார்.

நான் கேட்டேன். கேட்கும்போது தெலுங்கும் தமிழும் கலந்து குழறியது. இணை இயக்குநர் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.